மழை நின்ற பிறகு வந்த வெள்ளம்: வீட்டுக் காப்பீட்டு அனுபவங்கள்

லம்பர்ட்டன் டாக்டர்:

வட கரோலினாவின் ராப்சன் கவுன்ட்டியில் வீடு வாங்கப்போவதாக நண்பர் ஒருவர் சென்ற வாரம் சொன்னார். வெள்ளக் காப்பீடு எடுத்தாயிற்றா என்று கேட்டேன். "அது வெள்ள மண்டலம் இல்லை, வங்கியும் கேட்கவில்லை" என்றார். 2015-இல் என் மனைவியிடம் நானும் இதைத்தான் சொன்னேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன். இப்படிப் பட்டவர்கள் நீங்களும் எழுதுங்கள்.

2016 அக்டோபர் 8, சனிக்கிழமை. மேத்யூ புயல் நாள் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. மறுநாள் வானம் வெளுத்து நல்ல வெயில். முறிந்து விழுந்த கிளைகளை வாசலில் குவித்துவிட்டு, தப்பித்தோம் என்று அக்கம்பக்கத்தாருடன் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர் லம்பர்ட்டன் வழியே ஓடும் லம்பர் ஆறு நிதானமான ஆறு. சதுப்புக் காடுகளுக்கு நடுவே கறுத்த நீராக ஊர்ந்து வரும். மேலே பெய்தது ஊருக்குள் வந்து சேர ஓரிரு நாள் ஆகும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மேற்கு லம்பர்ட்டனுக்கு வெள்ளத்தடுப்புக் கரை இருந்தது. ஐ-95 நெடுஞ்சாலையின் மேடும் அந்தக் கரையோடு சேர்ந்ததுதான். ஆனால் நெடுஞ்சாலைக்கு அடியில் ரயில் பாதை நுழையும் இடத்தில் அடைப்பே கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. திங்கட்கிழமை காலை எங்கள் சமையலறையில் கணுக்கால் அளவு, மதியத்துக்குள் முழங்கால். குடிநீர் நிலையமும் மூழ்கிவிட்டது. வீடெங்கும் தண்ணீர், குழாயில் ஒரு சொட்டு இல்லை.

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். பத்து நாளில் கடிதம் வந்தது. காற்றில் பெயர்ந்த கூரை ஓடுகளுக்குப் பணம் உண்டு. தரைமட்டத்திலிருந்து ஏறி வந்த தண்ணீருக்கு இல்லை. அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீடு எதுவும் வெள்ளத்தைச் சேர்ப்பதில்லை. அதற்குத் தனியாக, பெரும்பாலும் 1968-இல் உருவான தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில், பாலிசி எடுக்க வேண்டும். எனக்கு வீட்டுப் பாலிசி விற்ற முகவர் இதைச் சொல்லவே இல்லை. ஃபெமா என்னும் மத்திய அரசின் பேரிடர் அமைப்பு தரும் உதவி இருக்கிறதே என்பார்கள். அந்த ஆண்டு ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு சுமார் 33,000 டாலர். எங்களுக்குக் கிடைத்தது அதில் சிறு பங்கு. மிச்சத்துக்கு அரசின் பேரிடர்க் கடன் வாங்கினோம். குறைந்த வட்டிதான், ஆனாலும் கடன். இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஃபெமாவின் வெள்ள வரைபடத்தில் எங்கள் வீடு 'எக்ஸ்' மண்டலம், அதாவது காப்பீடு கட்டாயமில்லாத பகுதி. வங்கி கட்டாயப்படுத்துவது, எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் சூழக்கூடிய இடங்களுக்கு மட்டும். நூற்றில் ஒன்று என்றால் சிறிதாகத் தோன்றும். முப்பது ஆண்டுக் கடனுக்குக் கணக்குப் போட்டால் அது நூற்றில் 26. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன். வங்கி கேட்பது தன் கடனுக்காக. நம் வீட்டுக்காகக் கேட்க நம்மை விட்டால் ஆளில்லை.

2017-இல் பாலிசி எடுத்தேன். 2018 செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் புயல் வந்தது. தன்னார்வலர்கள் அதே ரயில் பாதை இடைவெளியில் மணல் மூட்டைகளை அடுக்கி இரவெல்லாம் உழைத்தார்கள். அதுவும் உடைத்துக்கொண்டது. இம்முறை வீட்டுக்குள் ஒன்றரை அடி. மதிப்பீட்டாளர் வந்து சுவரில் படிந்த பழுப்புக் கோட்டுக்கு நேராக அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்தார். உட்சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகை நான்கு அடி அகலத்தில் வருவதால், ஒன்றரை அடி நனைந்தாலும் சுவரை நான்கு அடி உயரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டுப் புதிது பொருத்துவார்கள். நனைந்த கம்பளத்தை வீதியில் போடும் முன் கையகலத் துண்டு வெட்டி வைத்திருந்தோம். அதை வாங்கிப் பார்த்த பிறகே தரத்தை எழுதிக்கொண்டார். குளிர்பெட்டியின் வரிசை எண்ணையும் படம் எடுத்து வைத்திருந்தோம். கட்டடத்துக்கான பணத்தில் வீடு எழுந்துவிட்டது. ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே ஆறு. முதல் முறை கடன், இரண்டாம் முறை பாலிசி.

புளூம்ஸ்பர்க் வாசகி:

டாக்டர், உங்கள் எழுத்தைப் படித்ததும் 2011 செப்டம்பர் நினைவுக்கு வந்துவிட்டது. பென்சில்வேனியாவில் கொலம்பியா கவுன்ட்டி. லீ புயலின் மழையில் சஸ்குவஹானா ஆறு, 1972-இன் ஆக்னஸ் வெள்ளத்தையும் தாண்டி ஏறியது. எங்களிடம் பாலிசி இருந்தது. ஆனால் அதைப் படிக்கவில்லை.

தண்ணீர் பேஸ்மெண்டோடு, அதாவது வீட்டுக்கு அடியில் உள்ள நிலத்தடித் தளத்தோடு நின்றது. அங்கே நல்ல தரை போட்டு, அலமாரிகள் அடித்து, அழகாக வைத்திருந்தோம். கொலுப் பெட்டிகள் ஆறும் அங்கேதான். நவராத்திரிக்கு மூன்று வாரம் இருந்தது. பண்ருட்டியில் மாமியார் வாங்கிய காகிதக்கூழ்ப் பொம்மைகள். தண்ணீர் வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தேன். தசாவதாரத்தில் எது மச்சம், எது கூர்மம் என்று தெரியவில்லை. எல்லாம் சாம்பல் நிறக் கூழாக அடியில் படிந்திருந்தது. வர்ணம் மட்டும் மேலே ஏடு கட்டி மிதந்தது. அந்த நாற்றம் இன்றும் மூக்கில் இருக்கிறது.

தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் பாலிசி பேஸ்மெண்டில் கொதிகலன், வெந்நீர்த் தொட்டி, மின்பலகை போன்ற சிலவற்றுக்குத்தான் பணம் தரும். பொருள்களுக்கும் பாலிசி எடுத்திருந்தால் துவைக்கும் இயந்திரம், உறைபெட்டி சேரும். தரை விரிப்பு, சோபா, புத்தகம், பொம்மை எதுவும் சேராது. கட்டடத்துக்கு வேறு, பொருள்களுக்கு வேறு பாலிசி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருள்களுக்கு 1,00,000. அதுவும் பொருள்களுக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். கையெழுத்திட்ட இழப்பு அறிக்கையை 60 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பெரிய பேரிடர்களில் நீட்டிப்பார்கள். அதை நம்பி இருக்காதீர்கள்.

அயோவா புதியவர்:

டாக்டருக்கும் அம்மாவுக்கும் நன்றி. சீடார் ஆற்றுக்கு அரை மைல் தள்ளி ஒரு பண்ணை வீடு பார்த்திருக்கிறோம். ஆற்றங்கரைதான் அபாயம், நாங்கள் தள்ளித்தானே இருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். முதலில் என்ன கேட்க வேண்டும்?

லம்பர்ட்டன் டாக்டர்:

தம்பி, முதலில் அந்தக் கவுன்ட்டி தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராத கிராமப்புறக் கவுன்ட்டிகளும் உண்டு. அங்கே இந்தப் பாலிசியே கிடைக்காது. பிறகு, அந்த வீட்டுக்கு முன்பு இழப்பீடு வழங்கப்பட்டதா என்ற விவரம். ஃபெமா அதை உரிமையாளருக்குத்தான் தரும், வாங்கப்போகிறவருக்குத் தராது. ஆகவே விற்பவரையே எழுதிக் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே ஒரு பதில். அவரிடம் நடப்பில் பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டணத்தில் அவருக்கு இருந்த சலுகையும் தொடரும்.

புயல் அறிவிப்பு கேட்டுவிட்டு எடுக்க முடியாது. 30 நாள் காத்திருப்பு உண்டு. வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. 2021 அக்டோபரில் வந்த புதிய முறைப்படி மண்டலத்தை வைத்துக் கட்டணம் போடுவதில்லை. ஆற்றிலிருந்து தூரம், தரை உயரம், திரும்பக் கட்டும் செலவு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். உங்கள் அரை மைல் அங்கே உதவலாம்.

பூன் மலைவாசி:

மலையில் இருப்பவர்களுக்காக ஒரு சொல். வட கரோலினாவின் வட்டோகா கவுன்ட்டி, 2024 செப்டம்பர் 27, ஹெலீன் புயல். எங்கள் வீடு சரிவில். ஆறு எங்கோ கீழே. வெள்ளம் எங்களுக்கு எதற்கு என்றுதான் பாலிசி எடுக்காமல் இருந்தோம். பின்கட்டுக்குச் சேறு வந்தது. பக்கத்து வீட்டாரிடம் பாலிசி இருந்தது. நீரோடு கலந்து ஆறாக ஓடி வந்த சேறு என்றால் பாலிசி ஏற்கும். மண் அப்படியே சரிந்து விழுந்தது என்றால் ஏற்காது. அவர் வீட்டுக்கு வந்தது எது என்று தீர்மானிக்க மாதக்கணக்காயிற்று. சேற்றை அள்ளும் முன் அது எந்த வழியாக, எந்த உயரத்துக்கு வந்தது என்று படம் எடுத்து வையுங்கள். அவரைக் காப்பாற்றியது அவர் மகள் கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளி.

அயோவா புதியவர்:

விற்பவர் இன்று அறிக்கையை அனுப்பினார். 2008 ஜூனில் ஓர் இழப்பீடு பதிவாகியிருக்கிறது. டாக்டர், கூடத்துச் சுவரில் இடுப்புக்குச் சற்று மேலே, வீட்டைச் சுற்றி ஓடுகிற மெல்லிய இணைப்புக் கோட்டை முதல் நாளே பார்த்தேன். பழைய பூச்சு என்று நினைத்திருந்தேன். மாலையில் அளவு நாடாவோடு போனோம். சரியாக நான்கு அடி. கையெழுத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம். பாலிசிக்கு என்ன கட்டணம் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.