அச்சு எடுத்த பிறகு வருகிற அர்த்தம் – அதைத் தலைப்பாகப் போடலாமா?

உப்புவெளிக்காரி

வணக்கம். வீட்டில் ஜெலட்டின் தகட்டில் மோனோபிரிண்ட், அதாவது ஒவ்வொன்றும் வேறாக வருகிற ஒற்றை அச்சு, எடுக்கிறேன். பிரஸ் எல்லாம் இல்லை, ஒரு ரோலர், அக்ரிலிக் பெயின்ட், டெமி பேப்பர், பிறகு கையால் தேய்க்கிறதுதான். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற வலைத் துண்டு, தென்னம் பன்னாடை, பனையோலை நார் என்று அகப்படுகிறதை எல்லாம் பெயின்டின் மேல் வைத்து அழுத்துவேன். எந்த உருவத்தையும் மனதில் வைத்துச் செய்வதில்லை, நிறமும் இழையும் எப்படி விழுகிறது என்று பார்ப்பதுதான் எனக்கு விருப்பம்.

இப்போது திருகோணமலை டவுனில் நாங்கள் சிலர் சேர்ந்து சின்னக் கண்காட்சி வைக்கப் போகிறோம். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பும் இரண்டு வரி விளக்கமும் வேண்டுமாம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு பிரிண்ட் இருக்கிறது: கடும் நீலத்துக்கு மேல் கறுப்பு, ரோலர் நின்ற இடத்தில் குறுக்கே தடித்த கோடு, கோட்டுக்குக் கீழே வலை வெள்ளையாக, முடிச்சுகள் மட்டும் கொஞ்சம் பெரிய புள்ளிகளாக. மாமி பார்த்த உடனேயே "இது சுனாமிதானே" என்றார். பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு அது கோட்டைக்குள் திரிகிற மான்களின் புள்ளி. அண்ணா, இரவில் உட்துறைமுகத்தில் நிற்கிற கப்பல் லைட் என்கிறார். நான் இதில் ஒன்றையும் நினைக்கவில்லை, ஆனால் மாமி சொன்ன பிறகு எனக்கும் வேறு எதுவும் தெரியமாட்டேன் என்கிறது. பிறகு வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தத்தை, முதலே நினைத்துச் செய்தது மாதிரித் தலைப்பாகப் போடுவது ஏமாற்று வேலை இல்லையா?

இன்னொன்று, கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று அடிக்கிற நாட்களில் பேப்பரை வைக்க முதலே பெயின்ட் காய்ந்துவிடுகிறது, தகடும் இளகுகிறது. அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய மைக்காரன்

தங்கச்சி, முதலில் தகட்டை முடித்துவிடுவோம். ஜெலட்டின் 35 பாகை செல்சியசை நெருங்கினாலே இளகிவிடும், எங்கள் ஊர் வெயிலில் மத்தியானம் அதைத் தொடவே வேண்டாம். விடியக் காலையில் செய்யுங்கள், ஃபேனை நிற்பாட்டுங்கள், தகட்டைப் பிரிட்ஜிலிருந்து கடைசி நேரத்தில் எடுங்கள். பெயின்டில் துளி கிளிசரின் கலந்தால் காய்வது கொஞ்சம் பிந்தும், கனக்க விட்டால் பேப்பரில் பிசுபிசுக்கும், கவனம். பெயின்டை மெல்லிசாக உருட்டினால்தான் நாரின் இழை விழும், ஆனால் மெல்லிசாக உருட்டினால் இன்னும் கெதியாகக் காயும், அதனால் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் ரோலரைத் தொட வேண்டும்.

அப்புறம், முதல் பிரிண்ட் எடுத்த பிறகு வலையைத் தூக்கிவிட்டு அதே தகட்டில் இன்னொரு தாளை வைத்துப் பார்க்கிறீர்களா? வலைக்குக் கீழே மறைந்திருந்த பெயின்ட் அப்போதுதான் வரும். முதலாவதில் வெறும் வெள்ளைக் கோடாக இருந்த நூல், இரண்டாவதில் முறுக்கோடு, முடிச்சு எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்பது வரைக்கும் தெரியும். எனக்கு எப்போதும் இரண்டாவதுதான் பிடிக்கும். பிரான்சு ஓவியர் தெகாவும் மங்கிய இரண்டாவது பிரதியை எறியவில்லை, அதன் மேல் பாஸ்டல் போட்டுத்தான் கன படங்கள் செய்தார். 1890இல் பர்கண்டிப் பக்கம் குதிரை வண்டியில் போய் வந்தவர், பார்த்த நிலத்தை ஞாபகத்தில் வைத்து நிற மையில் மோனோடைப் (அதுவும் ஒற்றை அச்சுத்தான்) எடுத்தார். சிலதில் மலை எது, வயல் எது என்று பிரிக்கவே முடியாது. அவற்றை 1892இல் நிலக்காட்சிகள் என்றே காட்சிக்கு வைத்தார்.

தலைப்பு ஏமாற்று இல்லை. ஒன்றையும் நினைக்கவில்லை என்கிறீர்கள், சரி, ஆனால் கடையில் விற்கிற லேஸ் துண்டை விட்டுவிட்டு உப்புவெளிக் கரையில் கிடந்த வலையைப் பொறுக்கியது யார்? கடல் அங்கேயே உள்ளே வந்துவிட்டது.

சும்மா ஒரு கருத்து

மைக்காரன் அண்ணா சொல்வது வடிவாகத்தான் இருக்கிறது, எனக்கு உடன்பாடில்லை. மனித மூளைக்கு வெறும் கறையைக் கறையாக விட்டுவிடத் தெரியாது. சுவிஸ் மனநல மருத்துவர் ரோர்ஷாக் 1921இல் வெளியிட்ட மைக்கறை அட்டைகள் 10, அதே அட்டையில் ஒருவர் வௌவால் பார்ப்பார், இன்னொருவர் வண்ணாத்திப்பூச்சி பார்ப்பார். இதில் பலர் கவனிக்காத விசயம், அந்த அட்டைகளும் கைதவறி ஊற்றிய மை இல்லை. அவர் அப்பா சித்திரம் படிப்பித்தவர், தனக்கும் வரையத் தெரியும், ஆட்கள் எதையாவது காணக்கூடிய மாதிரிப் பார்த்துப் பார்த்துத்தான் கறைகளைச் செய்தார். அதாவது படத்தில் ஏதோ தெரிகிறது என்பதால் மட்டும் அது படத்தின் அர்த்தம் ஆகிவிடாது. குறுக்குக் கோடு போட்ட நீலத்தைத் திருகோணமலையில் யாரிடம் காட்டினாலும் கடல் என்பார்கள், அதையே நுவரெலியாவில் காட்டுங்கள், மலையும் பனியும் என்பார்கள்.

மாமிக்கு 2004 மார்கழி தெரிகிறது, அது மாமியுடையது. அதை எடுத்து நீங்கள் தலைப்பாகப் போட்டால், கண்காட்சிக்கு வருகிற ஆட்களில் அன்றைக்கு யாரையாவது பறிகொடுத்தவர்கள் அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ரோலர் நின்ற கோடு அது என்று தெரிந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? அந்தப் பெயரைப் போட்ட பிறகு வலையின் முடிச்சையோ கறுப்புக்குள் இருக்கிற நீலத்தையோ ஒருவரும் பார்க்கப் போவதில்லை, அந்த நாளைத்தான் பார்ப்பார்கள். படத்தைத் தலைகீழாக, பிறகு பக்கவாட்டில் திருப்பி வைத்துப் பாருங்கள். கடல் போன பிறகும் பார்க்க ஏதாவது மிஞ்சுகிறது என்றால் நல்ல பிரிண்ட். மிஞ்சவில்லை என்றால் தலைப்புப் போட்டும் காப்பாற்ற ஏலாது.

கிண்ணியா டீச்சர்

தகடு இளகுகிறது என்றால் கடற்பாசியில் (அகர் அகர்) ஊற்றிப் பாருங்கள், நோன்புக்குக் கடையில் வாங்குவோமே, அதுதான். ஒருக்கா உறைந்தால் 80 பாகைக்கு மேலே போகாமல் திரும்ப உருகாது, கச்சான் ஒன்றும் செய்யாது. ஆனால் ஜெலட்டின் மாதிரி வளைந்து கொடுக்காது, ரோலரைக் கொஞ்சம் அழுத்தினாலே ஓரம் நொறுங்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த நொறுங்கின ஓரம்தான் நல்ல விருப்பம், அதைத் தீவு என்று சொல்லிச் சுற்றி நிறம் போடுவார்கள்.

அர்த்தம் முதலா பிறகா என்று கேட்டால், இரண்டு விதமாகவும் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஸரீனா என்று அலிகாரில் பிறந்த ஓவியர், வீடு, வாசல், முற்றம் என்கிற மாதிரி உருதுச் சொற்களை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மரச்செதுக்கு அச்சு செய்தார். 1999இல் முடித்த அந்தத் தொகுப்பில் 36 அச்சுகள். சில கோடுகள்தான் இருக்கும், ஆனால் சொல்லோடு சேர்த்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்க முடியாது என்று தோன்றும். அடுத்த முறை ஒரு சொல்லை எழுதி வைத்துவிட்டு ரோலரை எடுங்கள். இந்தப் படத்துக்கு நான் என்றால் சுனாமி என்று போடமாட்டேன், ஆனால் கடல் இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

உப்புவெளிக்காரி

எல்லாருக்கும் நன்றி. திருப்பி வைத்துப் பார்த்தேன், பக்கவாட்டில் வைத்தால் கோடு மரம் மாதிரி நிற்கிறது, பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு கழித்துப் போட்ட தாள்களின் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் அதில் குறுக்குக் கோடு உள்ள பிரிண்ட் ஒன்றுகூட இல்லை. சுவரில் ஒட்டி வைத்திருக்கிற எல்லாவற்றிலும் அது இருக்கிறது, எங்கேயோ ஓர் இடத்தில். நினைக்காமல் செய்தேன் என்று இனிமேல் சொல்ல முடியாது போல. சுனாமி என்று போடப்போவதில்லை. "வலை, உப்புவெளி" என்று வைக்கிறேன், விளக்கத்தில் என்ன வைத்து எப்படி எடுத்தது என்று மட்டும். மாமி கேட்டால் கேட்கட்டும்.

இரண்டாவது பிரதியும் எடுத்தேன் அண்ணா, முறுக்குத் தெரிகிறது! அதையும் வைக்கலாமா, இலக்கம் எப்படிப் போடுவது?

பழைய மைக்காரன்

தாராளமாக. பென்சிலால் படத்துக்குக் கீழே இடது பக்கம் 1/1 (ஒரே ஒரு பிரதிதான் என்று அர்த்தம்), நடுவில் தலைப்பு, வலது பக்கம் கையெழுத்து. இரண்டாவதற்கும் 1/1 தான், அது முதலாவதின் நகல் இல்லை. ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்காதீர்கள், வாடைக்காலம் தொடங்கினால் அக்ரிலிக் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் உரிந்து வரும். இடையில் கேக் சுடுகிற பேப்பரை வையுங்கள்.