ஊரில் ஒரே ஒரு நோய் மட்டும் இருந்த வருஷம்

காரைக்குடிப் பக்கம், மூட்டுவாதம்

எனக்கு ருமட்டாய்டு மூட்டுவாதம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வயதானால் வருகிற முட்டிவலி இல்லை இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுகளைப் பகையாக நினைத்துத் தாக்கும் நோய். அதை அடக்கி வைக்க வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். இந்த இரண்டாவது மாத்திரையின் பெயர் 2020 மார்ச் வரை எங்கள் வளவில், அதாவது பல குடும்பத்துக்கும் பொதுவான எங்கள் பெரிய வீட்டில், யார் வாயிலும் நுழையாது. அப்புறம் அதைச் சொல்லாத ஆளே இல்லை.

மார்ச் 22 சுய ஊரடங்கு, 25 முதல் முழு ஊரடங்கு. கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களும், நோய் உறுதியானவரின் வீட்டாரும் முன்தடுப்பாக இந்த மாத்திரையைப் போடலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். சொன்னது அந்த நாட்களில்தான். கேட்டவர்கள் எல்லாரும் தங்களுக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். சில நாளில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. என்னிடம் சீட்டு இருந்தது, கடையில் மாத்திரை இல்லை. "வந்த அன்னைக்கே போயிடுது ஆச்சி" என்றார் கடைக்காரர்.

அந்த வாரம் சென்னையிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "ஆச்சி, உங்களுக்கென்ன கவலை, நீங்கதான் வருஷக்கணக்கா அதைச் சாப்பிடுறீங்களே, உங்ககிட்ட கொரோனா அண்டுமா? எங்களுக்கும் ரெண்டு அட்டை அனுப்பி வைங்க." அது இல்லாவிட்டால் காலையில் என்னால் ஜாக்கெட் ஊக்குகூட மாட்ட முடியாது என்றேன். சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான் போல.

டாக்டரைப் போனில் பிடிக்க முடிந்தது பெரிய விஷயம். போனில் வைத்தியம் பார்க்க அந்த மார்ச்சில்தான் முறையாக விதிகள் வந்தன. இந்த மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், இடைவெளி விழுந்தாலும் உடனே படுத்துவிட மாட்டீர்கள் என்று சொல்லி, இருப்பதை எப்படி இழுத்துப் போடுவது என்று கணக்குக் கொடுத்தார். ஜூன் மாதம் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இதனால் பயனில்லை என்றது. மாத்திரை கேட்டுப் போன் செய்தவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேச மறுபடி கூப்பிடவில்லை.

"அத்தனை பெரிய வீடு, ஒதுங்கி இருக்க என்ன கஷ்டம்" என்று எல்லாரும் கேட்டார்கள். வளவின் முற்றத்தைச் சுற்றி ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, ஓர் அறை இருக்கிறது, சரி. கிணறும் பின்கட்டும் பொதுதானே? அதைவிட, வேலைக்கு வருகிற அம்மா வர முடியாமல் போனதுதான் என்னை உடைத்தது. விடியற்காலையில் ஆத்தங்குடிக் கல் தரையில் கால் வைத்தால் ஜில்லென்று கணுக்கால் வரை ஏறும். நிலைப்படி ஒவ்வொன்றும் உயரம். தேக்குக் கதவின் தாழ்ப்பாளை வீங்கிய விரலால் நகர்த்திப் பாருங்கள், தெரியும். எங்கள் முப்பாட்டனார்கள் கல்யாணத்துக்காகக் கட்டிய வீடுகள் இவை. மூட்டுவாதக்காரி தனியாகப் பெருக்குவதற்குக் கட்டியவை அல்ல.

தெருவில் கபசுரக் குடிநீர் கொடுத்தபோது, "எதிர்ப்புச் சக்தி கூடும், குடிங்க" என்றார்கள். எனக்கு வந்த வினையே அது வேண்டாத இடத்தில் கூடிப்போனதுதான் என்பதைத் தெருவில் நின்று எப்படி விளக்குவது?

2021 மார்ச் 1 முதல் 45 வயதுக்கு மேல் 60க்குள் இருக்கும் இணைநோயாளிகளுக்குத் தடுப்பூசி என்றார்கள். இருபது நோய்நிலைகள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. ஊசி போடுமிடத்தில், "மூட்டுவலிக்கெல்லாம் கிடையாதும்மா" என்று திருப்பப் பார்த்தார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை நெடுநாள் சாப்பிடுபவர்கள் என்று அதிலேயே ஒரு வரி இருக்கிறது. டாக்டரின் சான்றிதழை வைத்து அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். போட்டார்கள்.

ராயவரம் பக்கம், ஆஸ்துமா

ஆச்சி எழுதியதைப் படித்தேன். என் கதை சின்னது. சிறு வயதிலிருந்தே எனக்கு வீசிங். ரேஷன் வரிசையில் ஒரு தடவை இருமினால் போதும், முன்னாலும் பின்னாலும் இடம் தானாகக் காலியாகும். அரிசி சீக்கிரம் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொல்லை வேறு இடத்தில். எங்களுக்கு எல்லாமே காரைக்குடிதான், ஆனால் நாங்கள் புதுக்கோட்டை மாவட்டம், காரைக்குடி சிவகங்கை. செட்டிநாடு ஒன்று என்பது எங்களுக்குத் தெரியும், மாவட்டம் தாண்ட அப்போது கேட்ட இ-பாஸுக்குத் தெரியாது. ஜூனில் போக்குவரத்துக்காக மாவட்டங்களை மண்டலங்களாகப் பிரித்தபோதும் அவர்கள் மதுரையோடு, நாங்கள் திருச்சியோடு. இன்ஹேலர் தீர்ந்து கிளம்பிய அன்று சோதனைச் சாவடியில் காவலர் காலி டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கொரோனாவுக்கா?" இல்லை என்றேன். "அப்ப என்ன அவசரம்?" பேச வாயெடுத்தேன், இருமல் வந்துவிட்டது. அவரே தள்ளி நின்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

தேவகோட்டைப் பக்கம், டயாலிசிஸ்

நோயாளி நான் இல்லை, என் வீட்டுக்காரர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இதைத் தள்ளிப்போட முடியாது என்பது சொந்தக்காரர்களுக்கே புரியவில்லை. "இந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்கா? ரெண்டு வாரம் கழிச்சுப் போங்களேன்" என்றார் எங்கள் நாத்தனார்.

போலீஸ்காரர்கள் நல்ல மாதிரி. ஆட்டோவைப் பார்த்தாலே விட்டுவிடுவார்கள். நாங்கள் போய்வந்த மையத்தில்தான் ஒரு கட்டத்தில், கொரோனா பரிசோதனை முடிவு கையில் இருந்தால்தான் மெஷினில் போடுவோம் என்றார்கள். முடிவு வரத் தாமதமானது, முறை தவறியது. சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீர் எங்கே போகும்? நெஞ்சில் ஏறிற்று. அன்று இரவு படுக்க முடியாமல் வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். மூச்சுத் திணறல் என்றதும் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அது கொரோனா இல்லை என்று கத்திச் சொல்லவா முடியும்? விடிந்ததும் வேறொரு இடத்தில் கெஞ்சி மெஷினில் ஏற்றினோம்.

அதிலிருந்து இரண்டு மையங்களில் பதிவு வைத்திருக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, கடைசி ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு மூன்றும் ஒரே பையில். முறை தவறினால் தண்ணீரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்றும், இளநீர், வாழைப்பழம் வாயில் படக்கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்ததை அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருப்பவர்கள் இதை உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். அன்று இரவு எங்களிடம் அது இல்லை.