ஹார்ட் டிஸ்க் விலை ஏறிக் கிடக்கு, இப்ப வாங்கலாமா பொறுக்கலாமா?

நிலாவெளிக்_கமரா:
வணக்கம். நான் திருமலையில கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா எண்டு வீடியோ எடுக்கிறனான். பிசியில கிடந்த 2 டிபி நிரம்பிட்டுது, உள்ளுக்க பூட்டுற 8 டிபி ஒண்டு எடுப்பமெண்டு என்சி ரோட்டில கடை கடையா ஏறி இறங்கினா விலையைக் கேக்கவே நெஞ்சு திக்கெண்டுது. கொஞ்சம் பொறுத்தா இறங்குமா? இல்லாட்டிப் பாவிச்ச டிஸ்க் மலிவா வருதே, அதை நம்பி எடுக்கலாமா? ஆல்பம் குடுத்துக் கனகாலத்துக்குப் பிறகும் "அம்மம்மா கதைச்ச கிளிப் இருக்கா தம்பி" எண்டு கேட்டு வருவினம், அந்த மனுசி அப்ப உயிரோட இருக்காது. இல்லை எண்டு சொல்ல வாய் வராது, அதுதான் யோசிக்கிறன்.

உட்துறைமுகம்:
தம்பி, இறங்கும் எண்டு காத்திருக்கிறதில எனக்கு நம்பிக்கை இல்லை. ஏஐ டேட்டா சென்டர்காரர் பெரிய டிஸ்க்குகளை மொத்தமா முன்கூட்டியே அள்ளுறாங்கள், ராமும் எஸ்எஸ்டியும் அதே கதிதான். ஹார்ட் டிஸ்க் செய்யிறதே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா எண்டு மூண்டு கொம்பனி, நாலாவது ஆள் இல்லை. 2011ல தாய்லாந்து வெள்ளத்தில ஃபாக்டரியள் தாண்டு விலை ஏறினதும் வெள்ளம் வத்தின கையோட இறங்கேல்லை. எங்களுக்கு டொலரும் 18 வீத வாட்டும் வேற. தேவை இருந்தா இப்பவே எடுங்கோ, ஆனா 8 டிபி ஒண்டு வேண்டாம், 4 டிபி ரெண்டு எடுங்கோ. ஒண்டைப் பிசியில பூட்டி, மற்றதில அதே வீடியோவைக் கொப்பி பண்ணி அக்கா வீட்டிலயோ மாமா வீட்டிலயோ வையுங்கோ. ஒரே டிஸ்க்கை நம்பியிருந்தா அது எவ்வளவு பெரிசா இருந்தும் பிரயோசனமில்லை.

மொடல் நம்பரையும் பாருங்கோ. சீகேட் பாரகூடா 4 டிபி எஸ்எம்ஆர், ஓட்டுக்கூரை மாதிரி தடத்துக்கு மேல தடம் ஏத்தி எழுதுறது, அழிச்சு அழிச்சு எழுதினா ஸ்பீட் படுத்திடும். சீகேட் அயன்வுல்ஃப், வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி) ரெட் பிளஸ் ரெண்டும் சிஎம்ஆர், தடத்தை ஒண்டுக்கு மேல ஒண்டு ஏத்தாமப் பக்கத்தில பக்கத்தில எழுதுறது. பிளஸ் இல்லாத ரெட் வேண்டாம், அதில எஸ்எம்ஆர் போட்டிட்டுச் சொல்லாம விட்டது 2020ல பெரிய பிரச்சினையாப் போனது.

சாம்பல்தீவான்:
எஸ்எம்ஆர் எண்டாலே கூடாது எண்டுறதை நான் ஏற்கேல்லை அண்ணை. தம்பி முடிஞ்ச வீடியோவை ஒருக்காப் போட்டுப் பிறகு வாசிக்க மட்டும்தானே போறார், எடிட்டிங்கை எஸ்எஸ்டியில செய்தாச் சரி. ரெண்டாவது கொப்பிக்கு மலிவான எஸ்எம்ஆர் போதும், மிஞ்சிற காசுக்கு ஒரு யூபிஎஸ் எடுக்கலாம். எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போறதுதான் எனக்குப் பயம்.

உப்புவெளி_ரிப்பேர்:
பாவிச்சதைப் பற்றிச் சொல்லுறன். 2025 தொடக்கத்தில ஐரோப்பாவில டேட்டா சென்டரில ஓடின சீகேட் எக்ஸோஸ் டிரைவுகளை ஸ்மார்ட் கணக்கை (ஓடின நேரம், பழுது எல்லாத்தையும் டிஸ்க் தானே குறிச்சு வைக்கிறது) சைபராக்கிப் புதுசு எண்டு வித்துப் பிடிபட்டது. உள்ளுக்க சீகேட் தனியா வச்சிருக்கிற ஃபார்ம் லொக் எண்ட பதிவில உண்மையா ஓடின மணித்தியாலம் அப்பிடியே கிடந்தது. சீகேட் எண்டா ஸ்மார்ட்சிடிஎல் எண்ட சொஃப்ட்வெயாரின்ர புது வேர்ஷன்ல அதைப் பாக்கலாம். மற்றதுக்குக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எண்ட சொஃப்ட்வெயாரைப் போட்டு 05, சி5, சி6 மூண்டு வரியையும் பாருங்கோ, டிஸ்க்கில பழுதான இடங்களின்ர கணக்கு அது, சைபர் இல்லாட்டி வாங்காதேங்கோ. அந்த எண் ஹெக்ஸ்ல (16ஐ அடியா வச்ச எண்முறை) வரும், அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ல டெசிமலுக்கு, அதாவது சாதாரண எண்ணுக்கு, மாத்தினா விளங்கும்.

இன்னொண்டு, இது கடற்கரை ஊர். வாங்க முதல் டிஸ்க்கைப் பிரட்டி அடியில இருக்கிற பச்சைப் போர்டைப் பாருங்கோ, ஸ்க்ரூத் தலையில துருவோ செம்பில பச்சையோ இருந்தா அது உப்புக்காத்துக் குடிச்ச சாமான். என்னட்டை வாற டிஸ்க்குகள் சிலதில போர்டைக் கழட்டினா உள்பக்கத்துக் காண்டாக்ட் கறுத்துப் போயிருக்கும். உங்கட பிசியையும் கடல் பக்க யன்னலடியில வைக்காதேங்கோ.

சனத்தின்ர கலியாண வீடியோவுக்கு நான் எண்டாப் பாவிச்சது எடுக்கவே மாட்டன்.

நிலாவெளிக்_கமரா:
நன்றி அண்ணைமார். அப்ப அயன்வுல்ஃப் 4 டிபி ஒண்டு, கொப்பிக்குப் பாரகூடா ஒண்டு. இஞ்ச இல்லாட்டிக் கொழும்பு யூனிட்டி பிளாசாவில எடுப்பிக்கலாம், பஸ்ஸில தெரிஞ்ச ஆள் வருது. வாரண்டி?

உட்துறைமுகம்:
பில்லில சீரியல் நம்பர் எழுதி வாங்கச் சொல்லுங்கோ. அந்த நம்பரைக் கொம்பனி வெப்சைட்டில போட்டுப் பாருங்கோ, வாரண்டி எப்ப முடியுது எண்டு காட்டும். பஸ்ஸில மடியில வச்சுக் கொண்டரச் சொல்லுங்கோ, மேல ராக்கையில போட விடாதேங்கோ. பூட்டேக்க டிஸ்க்கைப் பிரிக்கிற முறை எது எண்டு விண்டோஸ் கேக்கும், எம்பிஆர் வேண்டாம், ஜிபிடி குடுங்கோ, இல்லாட்டி 2 டிபிக்கு மேல பாவிக்க விடாது. 4 டிபியை விண்டோஸ் 3.63 எண்டு காட்டும், அது கொம்பனி மாதிரி ஆயிரத்தால இல்லாம 1024ஆல வகுத்துக் கணக்குப் பாக்கிறது, அது சரி, குறையெண்டு கடைக்காரனோட சண்டைக்குப் போகாதேங்கோ.