சுத்தியல் முகத்தில் பற்றவைத்த எஃகு கழன்று வருகிறது, எங்கே தப்பு?

வீட்டுக் கொல்லையில் சின்னக் கரி உலை, கையால் சுற்றும் காற்றாடி. 40 மி.மீ. சதுர மைல்ட் ஸ்டீலில் சுத்தியல் அடித்து, முகத்துக்கு லாரி ஸ்பிரிங் பட்டையில் 10 மி.மீ. துண்டு வெட்டி உலையிலேயே பற்றவைக்கப் பார்க்கிறேன். வெல்டிங் மெஷினில் சுற்றி ஓட்டிவிடு என்று சொல்லாதீர்கள், அது ஓரத்தை மட்டும்தான் பிடிக்கும். சிவந்ததும் வெங்காரம் (போராக்ஸ்) தூவி, நன்றாக மஞ்சள் ஏறியதும் அடித்தால் ஒட்டின மாதிரிதான் தெரிகிறது. கடினமாக்கத் தண்ணீரில் தோய்ச்சல் போட்டதும் 'டிங்' என்று ஒரு சத்தம், அப்புறம் நாலே அடியில் எஃகு தனியாக விழுந்துவிடுகிறது. மூன்று தடவையும் இதே கதை. கழன்ற இடத்தில் ஓரம் பிடித்திருக்கிறது, நடுவில் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஏதோ இருக்கிறது.

பதில் 1
அந்தக் கண்ணாடி உருகிய வெங்காரமும் இரும்புச் செதிலும் (சூட்டில் மேலே படியும் கறுப்புப் படலம்) கலந்ததுதான், வெளியேற வழி இல்லாமல் உள்ளே மாட்டிக்கொண்டது. இரண்டு முகமும் தட்டையாக இருந்திருக்கும். சுத்தியல் பக்கத்தை அராவி நடுவைக் கொஞ்சம் மேடாக்குங்கள், முதல் அடி நடுவில், மெதுவாக, அங்கிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். எடுத்த எடுப்பில் ஓங்கி அடித்தால் துண்டு நழுவிவிடும். வெங்காரத்தைப் பொரித்துப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள், பச்சையாகப் போட்டால் நுரைத்துத் துண்டையே தூக்கிவிடும்.

பதில் 2
தம்பி, மெல்லிய துண்டு சீக்கிரம் மஞ்சளாகிவிடும், 40 மி.மீ. கட்டைக்குள் சூடு ஏறியிருக்காது. காற்றைக் குறைத்து நிதானமாக ஊற விடு. கட்டை தீயின் நடுவில், எஃகு மேல்பக்கம். எஃகிலிருந்து பொறி பறந்தால் கரிந்துவிட்டது என்று அர்த்தம். பட்டையில் குரோமியம் கலந்த வகையும் உண்டு, குரோமியச் செதிலை வெங்காரம் லேசில் கரைக்காது. பழைய அரம் கிடைத்தால் பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டு அதைப் போடு.

பதில் 3
பட்டையை வீணாகக் குறை சொல்ல வேண்டாம், எனக்கு நன்றாகவே பிடிக்கிறது. துண்டின் நாலு மூலையிலும் உளியால் முள் எழுப்பி, கட்டை சிவப்பாக இருக்கும்போது அறைந்தால் நகராது. எனக்குச் சந்தேகம் அந்த 'டிங்' மேல்தான். பற்றவைத்ததும் அப்படியே தண்ணீரில் விட்டீர்களா? சாம்பலில் புதைத்து ஆறவிட்டு, காந்தம் ஒட்டாத சூடு வரை மறுபடி காய்ச்சி, பட்டை என்றால் எண்ணெயில் தோயுங்கள். அரத்துக்குத் தண்ணீர்தான், ஆனால் முக்காமல் முகத்தின் நடுவில் மேலிருந்து ஊற்றுங்கள், முக்கினால் ஆவி தேங்கி நடு மெத்தென்று ஆகிவிடும். பிறகு நொறுங்காமல் இருக்க, முகத்தில் வைக்கோல் நிறம் வரும் வரை திரும்பச் சூடு காட்டுங்கள்.

கேட்டவர்
ஆமாம் அண்ணே, அப்படியே தண்ணீரில்தான் விட்டேன். நேற்று அரத்துண்டு போட்டு, நடுவை மேடாக்கி அடித்தேன், கண்ணாடிக் குழம்பு நாலு பக்கமும் தெறித்தது, முழுக்கைச் சட்டையில் ஓட்டை. முகம் நிற்கிறது, வேறு அரத்தால் தேய்த்துப் பார்த்தால் வழுக்குகிறது, அவ்வளவு கடினம். ஒரு மூலையில் மட்டும் மயிரிழை அளவு கோடு தெரிகிறது. இதைத் திரும்ப உலையில் வைத்து மூடலாமா, இல்லை அந்த மூலையைச் சாணையில் தேய்த்து எடுத்துவிடலாமா?

பதில் 3
தேய்த்து எடுத்துவிடுங்கள். செதில் ஏறிய கோடு லேசில் மூடாது.