மாதுளை உதிர்க்க: கரண்டியா, தண்ணீரா?

காட்பாடி மருமகள்:
ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்கு வளைகாப்பு. தயிர்சாதத்தின் மேல் தூவ மாதுளை முத்து உதிர்த்துத் தரும் வேலை என் தலையில். நேதாஜி மார்க்கெட்டில் மூன்று கிலோ வாங்கியாச்சு. சுவரில் தெறிக்காமல், நகம் கறுக்காமல் சீக்கிரம் முடிக்க வழி சொல்லுங்கள்.

வேலப்பாடி வாத்தியார்:
ஒரு கரண்டி போதும்மா. பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டு. பாதியைக் கையில் பிடித்து, தோலைச் சுற்றிலும் இலேசாக வெளிப்பக்கம் விரித்து நெகிழ்த்து. அப்புறம் வெட்டிய பக்கத்தை உள்ளங்கையில் கவிழ்த்து, கீழே ஆழமான குண்டான் வைத்து, முதுகில் கனமான கரண்டியால் தட்டு. விரலிடுக்கில் முத்து பொலபொலவென்று கொட்டும்.

ஆற்காட்டு மக்கன்பேடா:
சார், முத்தோடு சாறும் கொட்டுமே, அதைச் சொல்லவில்லையே! குறுக்கே வெட்டும்போதே நடுவில் உள்ள முத்தெல்லாம் பிளந்துவிடும். தட்டும்போது வெள்ளைத் தோல் துணுக்கும் சேர்ந்து விழும். வாயில் ஒன்று அகப்பட்டாலும் கசப்பு. அக்கா, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதற்குள்ளேயே பழத்தைப் பிரித்துக் கையால் உதிர்த்துவிடுங்கள். முத்து அடியில் தங்கும், வெள்ளைத் தோல் மேலே மிதக்கும். மிதப்பதை அள்ளிப் போட்டுவிட்டு வடிகட்டினால் முடிந்தது. தெறிக்கவே தெறிக்காது.

வேலப்பாடி வாத்தியார்:
தண்ணியில் அலசின பழத்தில் என்ன ருசி இருக்கும் தம்பி? ஈர முத்தைப் போட்டால் தயிர்சாதம் நீர்த்துப் போகும்.

ஆற்காட்டு மக்கன்பேடா:
முழு முத்துக்கு மேல் தோல் இருக்கிறது, சாறு எங்கே போகும்? உடைந்த முத்தால்தான் தண்ணீர் சிவக்கும். உடைப்பது உங்கள் கரண்டிக் கட்சி. ஈரம் போக ஒரு துணியில் பரப்பி ஃபேன் அடியில் வைத்தால் சரி.

வேலப்பாடி வாத்தியார்:
பாத்திரம், வடிகட்டி, துணி, ஃபேன். மண்டபமும் பிடித்துவிடலாமே?

குடியாத்தம் பழக்கடை:
சண்டை தட்டுவதிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. கத்தி வைக்கிற இடத்தில் இருக்கிறது. பழத்தை நடுவில் வெட்டவே கூடாது. பூ இருந்த முனையைச் சுற்றி, தோல் ஆழத்துக்கு மட்டும் கீறி, மூடி மாதிரி எடுங்கள். உள்ளே வெள்ளைத் தடுப்புகள் நடுவிலிருந்து பிரிந்து போவது தெரியும். ஒவ்வொரு தடுப்புக்கும் நேராக மேலிருந்து கீழ்வரை தோலை மட்டும் கீறுங்கள். கட்டைவிரலை நடுவில் விட்டுப் பிளந்தால் துண்டு துண்டாக விரியும், முத்து உடைவது அபூர்வம். ஜூஸுக்கு நானும் கரண்டியால்தான் தட்டுகிறேன். உடைந்தாலும் மிக்சிக்குத்தானே போகிறது. தயிர்சாதத்துக்கு அது ஆகாது.

இன்னொன்று. மாதுளை பறித்த பிறகு பழுக்காது. வீட்டில் வைத்தால் இனிக்கும் என்று காயாக வாங்காதீர்கள். பந்து மாதிரி உருண்டையாக இருப்பதை விட்டு, பக்கம் சற்றுத் தட்டையாகி, கையில் கனக்கிற பழமாக எடுங்கள். மகாராஷ்டிரத்துப் பகவா ரகம் என்றால் முத்து நல்ல சிவப்பு, கொட்டையும் மெத்து.

சத்துவாச்சாரி பாட்டி:
எந்த வழியானாலும் இரும்பு அரிவாள்மனை வேண்டாம்டி கண்ணு. மாதுளைத் தோலின் துவர்ப்பு இரும்பில் பட்டால் மை மாதிரி கறுத்துவிடும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்களே, அந்த டானின் இதிலும் நிறைய. எவர்சில்வர் கத்தி எடு. விரலில் முன்னாடியே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்.

காட்பாடி மருமகள்:
நன்றி பாட்டி. முதல் நாள் ராத்திரியே உதிர்த்து வைக்கலாமா?

குடியாத்தம் பழக்கடை:
தாராளமாக. ஈரம் போனதும் மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாதத்தில் மட்டும் பரிமாறும்போது தூவுங்கள், முன்கூட்டிக் கலந்தால் தயிர் ரோஸ் நிறமாகிவிடும்.

ஆற்காட்டு மக்கன்பேடா:
ஈரம் போனதும் என்கிறாரே, அப்போ அண்ணனும் தண்ணீர்க் கட்சிதான்!

வேலப்பாடி வாத்தியார்:
கடையில் அவர் கையில் இருப்பது கரண்டி தம்பி, மேலே போய்ப் படி.