முதுகில் எடுத்த நீரில் பூஞ்சை: பார்த்தவர்கள் பகிரலாம்

ஆய்வக ஊழியர்:
நோயாளி, சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் ஸ்டீராய்டு சாப்பிடுபவர். விடாத தலைவலி, வாந்தி. முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீர் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருப்பது) தெளிவாகவே இருந்தது, செல்களும் சொற்பம். மூளையைத் தாக்கிய காசநோயாக இருக்கும் என்றுதான் வார்டில் பேச்சு. ஒரு சொட்டு நீரில் ஒரு சொட்டு இந்தியா இங்க் என்ற கருப்பு மை கலந்து நுண்ணோக்கியில் வைத்தேன். கருப்புப் பரப்பில் ஓர் உருண்டை, அதைச் சுற்றி அகலமான வெள்ளை வளையம். மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை! அந்த வளையம், மை நுழைய முடியாத சர்க்கரைக் கூடு. வெள்ளையணுவைப் பார்த்தும் பூஞ்சை என்று சிலர் ஏமாறுவதுண்டு; ஆனால் அது மொட்டு விடாது. பக்கத்தில் மொட்டு விட்ட ஒன்றைக் கண்ட பிறகே நான் டாக்டரை அழைத்தேன். மூச்சோடு நுரையீரலுக்குப் போன கிருமி, இவ்வளவு காவல் உள்ள மூளைக்குள் எப்படித்தான் நுழைகிறதோ?

ஆராய்ச்சி மாணவி:
அதைத்தான் படிக்கிறேன், ஐயா. மூளையின் இரத்த நுண்குழாய்களில் சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி இறுகியிருக்கும். பூஞ்சை அந்த இடுக்கைப் பிளக்க மெனக்கெடுவதில்லை. அதன் மேலுள்ள ஹையலுரோனிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருள் சுவர்ச் செல்லின் சி.டி.44 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ள, செல்லே அதை உள்ளிழுத்து மறுபக்கம் விட்டுவிடுகிறது. புரதத்தை அறுக்கும் நொதி ஒன்றும் துணை. யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் நொதியை நீக்கிய பூஞ்சை எலிகளின் மூளைக்குள் அவ்வளவாக நுழையவில்லை. 2010இல் உயிருள்ள எலியின் மூளையைப் படம்பிடித்தவர்கள், ஓடிவந்த பூஞ்சை நுண்குழாயில் சட்டென்று நின்றுவிடுவதைக் கண்டார்கள். எனக்கு எரிச்சல் தருவது இன்னொரு வழி: அதை விழுங்கிய வெள்ளையணுவே கொல்ல முடியாமல் மூளைவரை சுமந்துபோகிறது. திருடன் போலீஸ் ஜீப்பில் ஏறி வருவதுபோல!

நோயாளியின் மகன்:
அம்மாவுக்கு இதே நோய்தான். பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரிகிறது என்றார். முதுகில் ஊசி போட்டபோது நீரின் அழுத்தம் மிக அதிகம், 25 சென்டிமீட்டர் நீர்மட்டத்தைத் தாண்டியிருந்தது. பூஞ்சையின் சர்க்கரைக் கூழ் நீர் வடியும் வழியை அடைத்துவிடுமாம். நீரை எடுத்ததும் தலைவலி இறங்கும், மறுநாள் ஏறும், மறுபடி ஊசி. அம்மாவுக்கு மருந்தைவிட அந்த ஊசிதான் உடனடி நிம்மதி. ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து ஏறும்போது குளிர் நடுக்கம் வேறு. பொட்டாசியத்துக்கும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினுக்கும் ஓயாமல் இரத்தம் எடுத்தார்கள். இப்போது வீட்டில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரை. புறா எச்சத்தில் இந்தப் பூஞ்சை வளரும் என்பதால் வீட்டருகே புறா உண்டா என்று டாக்டர் கேட்டதிலிருந்து, மொட்டைமாடியில் தானியம் இறைக்கும் எதிர்வீட்டுக்காரரோடு அப்பாவுக்குத் தினமும் தகராறு.