பலெர்மோவில் பீட்சாக் கடை விருந்து: வெள்ளிக்கிழமை, அம்மா சைவம். என்ன கேட்டு வாங்குவது?

புதுக்குடியிருப்பு மகள்

அண்ணன் குடும்பம் இத்தாலியின் பலெர்மோ நகரில் இருக்கிறது. மருமகனின் பிறந்தநாளுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். விருந்து வீட்டில் இல்லை. அவர்கள் தெருவிலுள்ள பழைய பீட்சாக் கடையில், வெள்ளிக்கிழமை இரவு. அம்மா வெள்ளியில் மச்சம் தொடமாட்டார், முட்டையும் இல்லை. "எனக்கு இரண்டு வாழைப்பழம் போதும், நீங்கள் சாப்பிடுங்கள்" என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். பேரனின் விருந்தில் அவர் வெறுந்தட்டோடு இருப்பதைப் பார்க்க என்னால் முடியாது. அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்: எதைக் கேட்கலாம்? ஒன்றை வாங்கி இரண்டு மூன்று பேர் பகிரலாமா?

மல்லாவி வாசகன்

மார்கரீட்டா வாங்கிக் கொடுங்கள் அக்கா. தக்காளி, மொசரெல்லா சீஸ், அந்த நாட்டுத் துளசி இலை மட்டும்தான். எந்தக் கடையிலும் கிடைக்கும். பெரிதாக இருக்கும், இருவருக்கு ஒன்று போதும்.

பரந்தன் போறணை

தங்கச்சி, நேப்பிள்ஸில் ஒரு பீட்சாக் கடையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, மா உருட்டும் மேசைக்கு வந்து சேர்ந்தவன் நான். இப்போது ஊரில் வெதுப்பகம் நடத்துகிறேன். உங்கள் அம்மா வயிறாரச் சாப்பிடலாம்.

மரினாரா கேளுங்கள். தக்காளி, உள்ளி, ஓரிகானோ, ஒலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸ் கிடையாது. நேப்பிள்ஸில் அதில் மீனும் கிடையாது. வேறு ஊர்களில் சிலர் நெத்தலி வைப்பதுண்டு என்பதால் "சென்ட்ஸா அச்சூகே" என்று சொல்லிவிடுங்கள்.

மல்லாவித் தம்பி சொன்ன மார்கரீட்டா நல்லதுதான். ஆனால் அங்கே சீஸ் செய்யப் பாலைத் திரைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற சீஸுக்கு அது விதியே. அம்மாவிடம் இதைச் சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள். விரதக்காரருக்கு மறைத்துக் கொடுப்பது சரியில்லை. நேப்பிள்ஸ் முறையில் குழைத்த மாவில் கோதுமை மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறொன்றும் இராது. ஆனால் இத்தாலியில் சில இடங்களில் பன்றிக்கொழுப்பும் சேர்க்கிறார்கள். மாவில் "ஸ்த்ரூத்தோ" இருக்கிறதா என்று அண்ணன் முதல் நாளே கேட்டு வைக்கட்டும்.

பகிர்வது பற்றி: வேண்டாம். அங்கே ஆளுக்கொரு முழு பீட்சாதான் வழக்கம். பெரும்பாலான தெருக்கடைகளில் மரினாரா பத்து யூரோவைத் தாண்டாது. காசைவிட முக்கியமானது சூடு. விறகுப் போறணையில் 430 பாகைக்கு மேல் வெப்பம் நிற்கும். நம் பாண் போறணையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 விநாடி. வெளியே வந்த கையோடு சாப்பிட்டால் விளிம்பு மெத்தென்றிருக்கும். பங்கு பிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் தோல்போல இறுகிவிடும். பிறகு "பீட்சா என்றால் இதுதானா" என்று அம்மா கேட்பார்.

முடிந்தால் போறணை தெரியும் மேசையில் அம்மாவை இருத்துங்கள். பீட்சாக்காரர் உருளைக்கட்டையைத் தொடமாட்டார். உருண்டையின் நடுவில் விரல்நுனிகளை வைத்து, உள்ளிருக்கும் காற்றை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டே போவார். அந்தக் காற்றுத்தான் நெருப்பில் ஊதி விளிம்பாக எழும்புகிறது. நான் அதைக் கைப்பழக்கமாக்க எத்தனையோ உருண்டைகளைக் கிழித்திருக்கிறேன், எல்லோரும் அப்படித்தான் பழகுகிறார்கள். 2017இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது, அது தகும். விளிம்பில் கரும்புள்ளி இருந்தால் கருகியதென்று திருப்பி அனுப்பாதீர்கள்.

வவுனியா ஆசிரியை

பலெர்மோவின் தெருவண்டிகளிலும் வெதுப்பகங்களிலும் ஸ்பின்சோனே என்று தடித்த சதுரத் துண்டு விற்பார்கள். வெங்காயமும் தக்காளியும் மேலே தெரிவதால் சைவம் என்று நினைத்துவிடுவோம். நெத்தலியும் சீஸும் அதில் வழக்கமாகச் சேரும். வெள்ளியன்று அம்மாவுக்கு அது வேண்டாம்.

புதுக்குடியிருப்பு மகள்

நன்றி அண்ணா, நன்றி ரீச்சர். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உள்ளி போட்டதென்றால் சாப்பிடலாம்" என்றார். உறைப்பு இருக்குமா என்றும் கேட்கிறார். கத்தி முள்ளுக்கரண்டி அவருக்குப் பழக்கமில்லை.

பரந்தன் போறணை

மரினாராவில் உறைப்பு இல்லை. "ஒலியோ பிக்காந்தே" என்று கேட்டால் மிளகாய் ஊறிய எண்ணெய் தருவார்கள். ஓரத்தில் சில துளி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சில கடைகளில் அது கடுமையாக இருக்கும். நான்காக வெட்டி, துண்டை மடித்துக் கையால் சாப்பிடலாம். நேப்பிள்ஸ்காரரே அப்படிச் சாப்பிடுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பல கடைகள் இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். அம்மா நேரத்தோடு சாப்பிடுபவர் என்றால் பின்னேரம் ஏதாவது கொடுத்துக் கூட்டிப் போங்கள். தண்ணீர் போத்தலுக்குக் காசு உண்டு. வாயு இல்லாதது வேண்டுமென்றால் "நத்துராலே" என்று கேளுங்கள். பில்லில் "கொப்பெர்த்தோ" என்று ஆளுக்கு ஓரிரு யூரோ இருக்கலாம். அது மேசைக்கான கட்டணம், விலைப்பட்டியலிலேயே போட்டிருப்பார்கள்.